நாலாவது மெடிக்கல்

மெடிக்கல் என்றால் நௌஃபலுக்குப் பயம் கிடையாது. காயல்பட்டினத்து ஆம்பிளைப் பிள்ளைக்கு முதலில் சுன்னத், பிறகு பத்தாம் வகுப்புப் பரீட்சை, அதற்கப்புறம் மெடிக்கல் என்று அந்த வரிசையில்தான் வயசு ஏறும். வளைகுடாவிலிருந்து விசா வந்துவிட்டால் மறுநாளே சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் ரத்தமும் சிறுநீரும் எக்ஸ்ரேயும் கொடுக்க வேண்டும். சீட்டின் கடைசியில் ‘ஃபிட்’ என்று விழ வேண்டும். விழுந்தால் பயணம். விழாவிட்டால் வீட்டுக்குத் திரும்பி வந்து நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் அந்த ஊரில் மெடிக்கலுக்கு எப்படிப் போக வேண்டும் என்று தெரியாத வீடே இல்லை. முந்தின நாள் எண்ணெய்ப் பலகாரம் கூடாது. இளநீர் குடிக்க வேண்டும். முடி வெட்டிக்கொண்டு சுத்தமாகப் போக வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும்போது இருமல் வந்தால் விழுங்கிவிட வேண்டும். டாக்டர் எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்லை சார்’ என்று சொல்ல வேண்டும். நௌஃபல் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்து, புறப்படும்போது ஒன்று, அங்கே போய் விசா புதுப்பிக்க இரண்டு என்று மூன்று தடவை போனான். மூன்று தடவையும் ஃபிட்.

அந்தப் பழக்கம்தான் நாலாவது மெடிக்கலில் அவனைக் கவிழ்த்தது.

இருபத்தோரு வயசில் ஷார்ஜாவுக்குப் போனவன் நௌஃபல். அங்கே மொத்த வியாபாரப் பலசரக்குக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர்கீப்பர். எந்த மூட்டை எந்த அடுக்கில் இருக்கிறது என்று கேட்டால் கம்ப்யூட்டர் சொல்வதற்கு முன்னால் அவன் சொல்லிவிடுவான். ஏழு வருஷம் அப்படியே போயிற்று. ஏழாவது வருஷக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ரூமில் படுத்திருந்தபோது, மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனிலிருந்து ஃபோர்மன் பேசினார். ஏழாம் நம்பர் வண்டி வந்தாச்சு, லோடு இறக்கு என்றார். எழுந்து ஓடினான். கிடங்கு பூட்டிக் கிடந்தது. ஃபோர்மன் ஊருக்கு லீவில் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

வண்டி அன்றிலிருந்து வந்துகொண்டே இருந்தது. வராத வண்டிக்கு அவன் லோடு இறக்கினான். ஒருநாள் அரிசி மூட்டைகளைக் கிடங்கின் வாசலை அடைத்து அடுக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டான். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள். சத்தம் போடாமல், ஊருக்குத் திரும்புகிற ஒருவரோடு சேர்த்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

வந்து சேர்ந்தது அக்கா ராஹிலாவின் வீட்டுக்கு. லாத்தா என்றுதான் அவளைக் கூப்பிடுவான். அந்த ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்க வேண்டும். கல்யாணம் ஆகாத, முப்பதை நெருங்கிய ஆம்பிளைக்குத் தன் வீடு என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருக்காது. வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு ராஹிலா அவனை ஒருநாளும் அப்படி உணரவிட்டதில்லை. அவளைக் கட்டிய மாப்பிள்ளை சென்னையில் செல்ஃபோன் கடை வைத்திருந்தார், மாதம் ஒருதடவை வருவார். அவரும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாமல் இருக்கிறார்களே என்பதுதான் நௌஃபலுக்குப் பாரமாக இருந்தது.

ஊரில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பள்ளிவாசலிலும் டீக்கடையிலும் எதிரே வருகிறவர்கள் எல்லாம் சலாம் சொன்ன கையோடு கேட்பார்கள்: “எப்ப பயணம்?” அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, சாப்பிட்டாயா என்பதுபோல அதுவும் ஒரு விசாரிப்பு. லீவில் வந்திருக்கிறேன், விசா வரணும் என்பான் நௌஃபல். அந்த லீவு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. கொஞ்ச நாளில் பள்ளிவாசலுக்கும் டீக்கடைக்கும் போவதை நிறுத்திக்கொண்டான்.

வைத்தியம் நடக்காமல் இல்லை. திருநெல்வேலியில் ஒரு தனியார் டாக்டரிடம் ராஹிலா கூட்டிக்கொண்டு போவாள். திருநெல்வேலி என்றால் துணி எடுக்கப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம். மாத்திரையில் ஃபோர்மனின் சத்தம் குறைந்தது, போகவில்லை. கை நடுங்கும். காலையில் எழுந்து உட்கார மதியமாகும். தண்ணீர் கொட்டுகிற சத்தத்துக்குள் பேச்சு கேட்பதால் குளிப்பதென்றால் அவனுக்கு ஒரு யுத்தம்.

போன வருஷம் அந்த டாக்டர் தொழிலை விட்டுவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது ராஹிலாவிடம், இனிமேல் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், மாத்திரை இலவசமாகக் கிடைக்கும், கையோடு மாற்றுத்திறனாளி அட்டைக்கும் எழுதிப் போடுங்கள், மாதாமாதம் இரண்டாயிரம் ரூபாய் பராமரிப்புத் தொகை வரும் என்றார். மாற்றுத்திறனாளி என்றதும் ராஹிலா கால் நொண்டுகிறவர்களையும் கண் தெரியாதவர்களையும்தான் நினைத்தாள். மனசுக்கும் உண்டும்மா என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் நாலைந்து மாதம் மாத்திரை வாங்கிய பிறகு, ஆன்லைனில் எழுதிப்போட்டு, மதிப்பீட்டுக்குத் தேதியும் வந்தது. ‘மெடிக்கல் போர்டு’ என்று ஃபோனில் வந்த செய்தியில் இருந்தது. மெடிக்கல் என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டுக்குள் ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது.

உதவித்தொகைக்காகத்தான் போகிறோம் என்று ராஹிலாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் டாக்டர் முன்னால் தம்பி கேவலமாக நிற்கக் கூடாது, நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று தெரிந்தால் அவர்களும் நல்லபடியாக எழுதித் தருவார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள். முந்தின நாள் நாவிதரை வீட்டுக்கே வரவழைத்தாள். வெந்நீர் போட்டு, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருந்து குளிக்க வைத்தாள். வெள்ளைச் சட்டையைப் பெட்டி போட்டு, அத்தர் தடவி, பிஸ்மி சொல்லி வலது காலை எடுத்து வை என்று அனுப்பினாள். மதிப்பீட்டு அறைக்கு அவள் கூடப் போகவில்லை. மெடிக்கலுக்கு யாராவது லாத்தாவைக் கூட்டிக்கொண்டு போவார்களா?

உள்ளே ஓர் இளம் டாக்டரம்மா. அவர் தலைக்கு மேல் ஒரு ஃபேன். நௌஃபல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததும் ஃபோர்மன், வண்டி வந்தாச்சு என்று ஆரம்பித்துவிட்டார். நௌஃபல் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தினமும் குளிப்பீங்களா என்று டாக்டரம்மா கேட்டார். ரெண்டு வேளை மேடம் என்றான். வீட்டு வேலை? எல்லாம் நான்தான் மேடம். சொந்தக்காரர்களோடு பேசிப் பழகுவீங்களா? நல்லா பழகுவேன் மேடம். காதில் ஏதாவது சத்தம், பேச்சு? ஒண்ணுமில்லை மேடம். ஃபோர்மன் அதற்குள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். வேலைக்கு ஏன் போகவில்லை? லீவுல வந்திருக்கேன் மேடம்.

வெளியே வந்தபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது. ராஹிலா எழுந்து ஓடிவந்து எப்படி என்று கேட்டாள்.

“கஷ்டமா ஒண்ணும் கேக்கல லாத்தா. பாஸ்னுதான் நெனைக்கிறேன்.”

இரண்டு வாரத்தில் சான்றிதழ் வந்தது. முப்பது சதவீதம் என்று போட்டிருந்தது. அதை அக்கா தம்பி இருவரும் திருப்பித் திருப்பிப் படித்து, நூற்றுக்கு முப்பதுதான் நோய், மீதி எழுபது ஃபிட் என்று முடிவுக்கு வந்தார்கள். ராஹிலா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, சவுதியில் தம்மாமில் இருக்கும் காக்காவுக்கு ஃபோன் போட்டாள்.

காக்கா என்பது மூத்த அண்ணன் செய்கு அப்துல் காதிர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். அந்த நாற்பது நாளும் நௌஃபல் பல்லைக் கடித்துக்கொண்டு மனுஷனாக நடமாடுவான். ஆகவே அவர் கண்ணால் கண்டது, கொஞ்சம் சோர்ந்துபோன ஒரு தம்பியை மட்டும்தான். ஆனால் கவலைக்குக் குறைவில்லாத மனுஷர். தம்மாமில் விடிந்தால் ஒரு கால், மதியம் ஒரு கால், தம்பி சாப்பிட்டானா, மாத்திரை போட்டானா, ஏன் வாட்ஸப்பில் ப்ளூ டிக் வரவில்லை என்று. தான் மௌத்தாகிவிட்டால் இவனுக்கு யார் என்பது அவருடைய தீராத கேள்வி. முப்பது சதவீதம் என்று கேட்டதும் ஃபோனிலேயே அழுதுவிட்டார். அரசாங்க டாக்டரே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் பிள்ளை சரியாகிவிட்டான். இனி தன் கண்முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம்.

மறு வாரமே, தன் கம்பெனியில் ஸ்டோர் வேலைக்கு ஒரு விசா இருக்கிறது, பாஸ்போர்ட் நகல் அனுப்பு என்றார். நகல் போனது. ஒரு மாதத்தில் விசாவும் வந்துவிட்டது.

இதற்கு நடுவில் ராஹிலா சான்றிதழைத் தூக்கிக்கொண்டு கோரம்பள்ளத்துக் கலெக்டர் ஆபீஸுக்கு நௌஃபலோடு போனாள். மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் மாரிச்செல்வம் என்ற எழுத்தர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாற்பதுக்குக் குறைந்தால் ஒன்றும் கிடையாதே என்றார்.

முப்பது வாங்கியதே பெரிய விஷயம் என்று நினைத்தோமே என்றாள் ராஹிலா. எழுத்தருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

“ஏம்மா, மார்க்கு கூடுனாத்தான் இங்க பாஸ். தம்பி அங்கன போயி நல்லாப் பேசிட்டு வந்துட்டாரு போலுக்கு. மறுமதிப்பீட்டுக்கு எழுதித் தாரேன், குடுத்துட்டுப் போங்க.”

ராஹிலா அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆனால் மனம் அதில் இல்லை. விசாதான் வரப்போகிறதே, இனி இரண்டாயிரம் எதற்கு என்று ஓர் எண்ணம். தம்பியிடம் கேட்டாள், போக உனக்கு இஷ்டம்தானே என்று. இஷ்டம்தான் என்றான்.

வேறு என்ன சொல்வான்? ஒன்பது வருஷமாக விசா வரணும் என்று சொன்னது அவன்தான். இப்போது வந்து நிற்கிறது. காக்கா அழுத அழுகையை அவனும் ஸ்பீக்கரில் கேட்டான். பத்து நாளில் சென்னையில் மெடிக்கல். அந்த மெடிக்கலில் பாஸாகிவிடுவோம் என்பதுதான் அவனுடைய பயம். எக்ஸ்ரேயில் ஃபோர்மன் தெரிய மாட்டார். ரத்தத்தில் வண்டி தெரியாது. முத்திரை விழும், டிக்கெட் வரும், மறுபடியும் ஒரு கிடங்கு, மறுபடியும் பூட்டிக் கிடக்கிற ஒரு கதவு. இந்தத் தடவை அவனை யார் விமானத்தில் ஏற்றி அனுப்புவார்கள்?

மெடிக்கலுக்கு நாலு நாள் முன்னால், ராஹிலா மதியக் குழம்புக்காக ஃப்ரீசரைத் திறந்து சீலா மீன் துண்டுகளை எடுத்தாள். அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கெட்டியாக ஏதோ உறைந்து கிடந்தது. வெட்டுக்கத்தியின் பின்பக்கத்தால் தட்டி எடுத்துப் பிரித்துப் பார்த்தால், நௌஃபலின் பாஸ்போர்ட்.

அவள் அதை அடுப்புத் திண்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கூடத்திலிருந்து நௌஃபல் பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் பாஸ்போர்ட்டை முந்தானையில் துடைத்துவிட்டு, காயட்டும் என்று ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தாள். பிறகு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மீனுக்கு அடியில வச்சா நான் பாக்க மாட்டேனாடா? பீரோக்கு மேல வச்சிருந்தா ஒரு வருஷத்துக்குத் தெரிஞ்சிருக்காது.”

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. போக முடியாது லாத்தா என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவள் எழுந்து போய், மறுமதிப்பீட்டுத் தேதி வந்திருக்கிறதா என்று ஃபோனைத் தேடினாள். செய்தி வந்து ஒரு வாரமாகியிருந்தது. திறந்தே பார்க்கவில்லை. தேதி மறுநாள் காலை.

மறுநாள் நாவிதரும் இல்லை, அத்தரும் இல்லை. வெந்நீர் போட நேரம் இருந்தும் அவள் போடவில்லை. வழக்கமான சாயம்போன சட்டையும் கைலியுமாகத்தான் நௌஃபல் பஸ் ஏறினான். ஆனாலும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்ததும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தம்பியின் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப்போய் மாட்டியிருந்ததைச் சரிசெய்யப் போனாள்.

“போட்டது போட்டபடி இருக்கட்டும்மா. பொண்ணு பாக்கவா கூட்டிட்டு வந்திருக்க?”

சொன்னவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பாட்டுக்காரி. பெயர் ஷெர்லி, அறுபதை நெருங்கியவள், மடியில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு. அவளை ஒட்டி, தரையைப் பார்த்தபடி அவளுடைய தம்பி சிலுவை. ஒரு காலத்தில் கடல் தொழிலுக்குப் போனவன், இருபது வருஷமாகப் போவதில்லை. அட்டையைப் புதுப்பிக்க வந்திருந்தார்கள்.

ராஹிலாவுக்கு யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்தது. முடி வெட்டியது, அத்தர் போட்டது, ரெண்டு வேளை குளிக்கிறேன் என்று தம்பி சொன்னது எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொன்னாள். ஷெர்லி சிரித்த சிரிப்பில் பெஞ்சு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“ஏளா, நீ அவன நல்லவனாக்கில்லா கொண்டாந்து காமிச்சிருக்க. டாக்டரு என்ன சோசியமா பாக்காரு?”

பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் கதையைச் சொன்னாள். அவளும் முதல் தடவை அப்படித்தான் செய்தாளாம். இவன் தினமும் பூசைக்குப் போவான் என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னாளாம். போவது உண்மைதான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவள் அவள்தான் என்பதை விட்டுவிட்டாள். இருபத்தைந்து போட்டு அனுப்பிவிட்டார்கள்.

“இல்லாதது ஒண்ணையும் சொல்லாத, அது பாவம். காலையில எந்திரிச்சதுலேர்ந்து நீ அவனுக்கு என்னென்ன செய்யுதியோ அத மட்டும் சொல்லு. போதும். அவன் காதுல விழுமேன்னு மட்டும் மறைக்காத.”

இவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நௌஃபல் சிலுவையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்பது வருஷத்தில் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

“அண்ணாச்சி, உங்களுக்கும் கேக்குமா?”

சிலுவை தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தரையிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

“கேக்கும். முன்ன வள்ளத்துல பக்கத்துல இருந்து பேசுத மாதிரி. இப்ப கரையிலேர்ந்து கூப்புடுத மாதிரி.”

நௌஃபல் பெஞ்சில் அவன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். எனக்கு ஃபேன்ல என்றான். சிலுவை தலையாட்டினான், அது சகஜம்தான் என்பதுபோல.

இந்தத் தடவை உள்ளே இருந்தவர் வயதான டாக்டர். இரண்டு பேரும் வாங்க என்றார். முதல் சான்றிதழையும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும், ராஹிலா திருநெல்வேலியிலிருந்து சேர்த்து வைத்திருந்த ஒன்பது வருஷத்து மருந்துச் சீட்டுகளையும் பொறுமையாகப் புரட்டினார். தம்பி எப்படி என்று கேட்டார். ராஹிலாவின் வாயில் பழைய பாடம்தான் முதலில் வந்தது. நல்ல பிள்ளை சார், ஒரு தொந்தரவும் இல்லை என்றாள்.

“நல்ல பிள்ளைதாம்மா. பாத்தாலே தெரியுது. முந்தாநாள் என்ன செஞ்சாரு?”

ராஹிலா தம்பியைப் பார்த்தாள். அவன் ஃபேனைப் பார்க்காமல் இருக்க மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஷெர்லி சொன்னதை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். முந்தாநாள் பதினொன்றரைக்கு எழுந்தான். பல் தேய்க்க பிரஷில் பேஸ்ட் வைத்துக் கையில் கொடுத்தேன். குளித்து எட்டு நாள் ஆகிறது. சோற்றைப் பிசைந்து வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் பசியோடு இருப்பான், கேட்க மாட்டான். வீட்டுக்கு யாராவது வந்தால் மச்சிலுக்கு ஏறிப்போய்விடுவான்.

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“சாயங்காலம் அஸர் தொழுதுட்டு நான் கொஞ்சம் கண்ணசருவேன் சார். அப்ப அடுப்படியில இருக்கிற அரிசி மூட்டை, சட்டி பானை, எண்ணெய் டின்னு எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து தலைவாசக் கதவுக்கு முன்னால அடுக்கி வைப்பான். ஏதோ வண்டி வருதாம். அடுக்கி முடிச்சதும் அசந்து தூங்கிருவான். பின்பக்க முடுக்கு வழியா பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க வர்றதுக்குள்ள நான் எல்லாத்தையும் இருந்த இடத்துல திருப்பி வச்சிருவேன்.”

எத்தனை நாளாக என்றார் டாக்டர்.

“ஒன்பது வருஷமா.”

நௌஃபல் தலையைத் தூக்கினான். இறக்கி வைத்தது நினைவிருந்தது. விழித்துப் பார்க்கும்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதால், தூக்கம் வருவதற்கு முன்னால் தானே ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். எப்படியானாலும் வேலையில் சுத்தம் என்று தன்னைப் பற்றி அந்த ஒரு பெருமை அவனுக்கு இருந்தது. ஐம்பது கிலோ அரிசி மூட்டையை லாத்தா எப்படி இழுத்திருப்பாள்? வெட்கம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ஒளித்து வைக்க இனி எதுவும் மிச்சமில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. முழங்காலைப் பிடித்திருந்த கை தானாக விட்டுவிட்டது.

“ஃபேன் பேசுது சார்” என்றான்.

இப்பவா என்று கேட்டார் டாக்டர். ஆமாம் என்றான். டாக்டர் எழுந்து போய் சுவிட்சை அணைத்துவிட்டு, இப்போது கேட்கிறதா என்றார். நௌஃபல் காதுகொடுத்துக் கேட்டான்.

“இப்ப ட்யூப்லைட்டுலேர்ந்து வருது.”

“அப்ப நாம ரெண்டு பேரும் எதுக்கு வேர்வையில கெடக்கணும்?” என்று ஃபேனை மறுபடியும் போட்டார் டாக்டர். நௌஃபல் சிரித்துவிட்டான். அது என்ன சொல்கிறது என்று டாக்டர் கேட்டார். அவன் ஷார்ஜாவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். இடையில் ஒரு தடவை வண்டி வந்தாச்சு என்று சத்தம் வந்தபோது, இப்போது இப்படிச் சொல்கிறது என்று அதையும் சேர்த்துச் சொன்னான்.

டாக்டர் ஒவ்வொரு பகுதியாக எழுதிக்கொண்டே வந்தார். வேலை என்ற இடத்தில் பேனா நின்றது.

“ஒன்பது வருஷமா வேலை இல்லைன்னு எழுதுறேன், சரிதானே?”

“லீவுல...” என்று ஆரம்பித்தான் நௌஃபல். மூன்றாவது எழுத்துக்கு மேல் வாய் போகவில்லை.

“லீவு இல்லை தம்பி. உடம்புக்கு முடியலை. அப்படித்தான் எழுதுறேன்.”

சரி சார் என்றான்.

ராஹிலா அதற்குள் பையிலிருந்து விசாத் தாளை எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். இதற்காகத்தான் அவள் இரவெல்லாம் விழித்திருந்தாள் என்று நௌஃபலுக்கு அப்போதுதான் தெரிந்தது. இவன் போகலாமா சார் என்றாள். டாக்டர் படித்துப் பார்த்தார். மாத்திரையும் நீங்களும் இருக்கிற இடத்தில்தான் இவர் இப்போதைக்கு இருக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டிலேயே, தொடர் சிகிச்சை அவசியம், வெளிநாட்டு வேலைக்குத் தற்போது தகுதியில்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். சதவீதத்தைப் போர்டில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் நாற்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று காக்காவுக்கு ஃபோன் போட்டார்கள். நான் சொல்லவா என்றாள் ராஹிலா. நௌஃபல் ஃபோனைத் தன் கையில் வாங்கிக்கொண்டான்.

“காக்கா, எனக்குப் பயணம் இல்லை. டாக்டர் எழுதித் தந்துட்டாரு.”

காக்காவுக்குக் கோபமாக இருக்கும், அந்தக் கம்பெனியில் எத்தனை பேர் காலைப் பிடித்து வாங்கிய விசாவோ என்று நௌஃபல் நினைத்தான். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார் காக்கா. இருக்கிறது. முத்திரை? அதுவும் இருக்கிறது. உடனே ஃபோட்டோ எடுத்து அனுப்பு என்றார். அனுப்பினான். பெரிதாக்கிப் பார்க்கிறார் என்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது. பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு.

“யா அல்லாஹ். நான் ஒரு மாசமா ஒழுங்காத் தூங்கல நௌஃபல். உன்ன இங்க கூப்பிட்டுட்டு, நான் ஷிஃப்டுக்குப் போயிட்டா ரூம்ல உன்ன யாரு பாப்பா? வான்னும் சொல்லிட்டேன். வராதேன்னு எந்த வாயால சொல்லுவேன்?”

நான் பாஸ்போர்ட்ட ஃப்ரீசர்ல வச்சேன் காக்கா என்றான். தம்மாமில் காக்கா இருமி இருமிச் சிரிப்பது வேப்பமரத்தடியில் நின்ற ராஹிலாவுக்கும் கேட்டது. ஃபோனை வைக்கும் முன்னால், மாத்திரை போட்டானா என்று கேட்க மட்டும் அவர் மறக்கவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பொரித்த பரோட்டா சாப்பிட்டார்கள். நௌஃபல் கேட்டு வாங்கி இன்னொன்று சாப்பிட்டான். கேட்டு வாங்கினான் என்பதை ராஹிலா கவனித்தாள், சால்னாவை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சான்றிதழ் வர ஆறு வாரம் ஆயிற்று. அறுபத்தைந்து சதவீதம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மாரிச்செல்வம் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஆதார், பேங்க் பாஸ்புக், ஃபோட்டோ எல்லாவற்றையும் வரிசையாக வாங்கி நூலில் கோத்தார். உத்தரவு வர ரெண்டு மூணு மாசம் ஆகும், வந்ததும் மாசாமாசம் அக்கவுண்டில் ஏறிவிடும் என்றார். பிறகு சான்றிதழின் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார். இது ஐந்து வருஷத்துக்குத்தான், அதற்கப்புறம் மறுபடி டாக்டரிடம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதை மட்டும் மறந்துவிடக் கூடாது என்று எச்சரிப்பதுபோலச் சொன்னார்.

“அஞ்சு வருஷமா சார்? நடுவுல யாரும் வந்து கேப்பாங்களா?”

“யாரு கேக்கா? உயிரோட இருக்கியான்னு வருஷத்துக்கு ஒருக்கா கேப்பாங்க. இருக்கேன்னு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

நௌஃபல் அதை அப்படியே ராஹிலாவிடம் திருப்பிச் சொன்னான், அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தும். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முள்ளக்காட்டு உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. கண்ணை மூடிக்கொண்டான். முக்காணிப் பாலம் வந்தபோது அவன் தலை கம்பியில் இடித்தது. ராஹிலா தன் கைப்பையை இடையில் செருகி வைத்தாள். அவன் விழிக்கவில்லை. ஆறுமுகநேரி தாண்டி, காயல்பட்டினம் இறங்குறவங்க வாங்க என்று கண்டக்டர் குரல் கொடுத்தபோது, இன்னும் ஒரு நிமிஷம் தூங்கட்டும் என்று, மற்றவர்கள் இறங்கிய பிறகுதான் அவள் அவன் தோளைத் தொட்டாள்.